கிரீனில் விழும் பந்துத் தடங்கள்: ஒரு கோல்ஃப் கிளப்பில் சீர்செய்யும் பழக்கத்தை வளர்த்த முயற்சி குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

பதினெட்டுக் குழிகள் கொண்ட, உறுப்பினர்களுக்குச் சொந்தமான ஒரு கோல்ஃப் கிளப்பில் ஏறத்தாழ ஓராண்டுக் காலத்தில் நடந்ததை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. கிளப்பின் பெயரும் சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன. திடல் பராமரிப்புக் குழுவில் உறுப்பினராக இருந்து, முடிவுகள் எடுக்கப்பட்ட கூட்டங்களிலும் அதிகாலைச் சுற்றுகளிலும் பங்கெடுத்ததன் அடிப்படையில் இதை எழுதுகிறேன். இதே சிக்கலை எதிர்கொள்ளும் பிற கிளப்புகளுக்கு இது பயன்பட வேண்டும் என்பதே நோக்கம்.

கோல்ஃப் பந்தின் எடை 45.93 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அதன் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இவ்வளவு சிறிய பொருள்தான் என்றாலும், உயரமாக எழும்பி வந்து, குழியைச் சுற்றி மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு ஒட்ட வெட்டப்பட்ட, 'கிரீன்' எனப்படும் புல்பரப்பின் மீது செங்குத்தாக இறங்கும்போது மண்ணை அமுக்கிக் குழிவை உண்டாக்கி, பந்து செல்லும் பக்கத்தில் புல்லை ஒரு வரப்பு போல மேலே தள்ளிவிடுகிறது. ஆட்டக்காரர்கள் 'பிட்ச் மார்க்' என்று அழைக்கும் இந்தத் தடம் சீர்செய்யப்படாமல் இருந்தால், மறுநாள் காலை புல்வெட்டும் இயந்திரத்தின் அலகு மேடான விளிம்பைச் சீவிவிடும்; அமுங்கிய பகுதியில் புல் வெளிறி மடியும். அதன் பிறகு அந்த இடம் மூடிக்கொள்ளப் பல வாரங்கள் ஆகும். உடனுக்குடன் முறையாகச் சீர்செய்யப்பட்ட தடமோ புல் தீவிரமாக வளரும் காலத்தில் சில நாட்களிலேயே மறையத் தொடங்கிவிடும். 108 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழியை நோக்கி மெதுவாக உருளும் பந்தை ஆறாத ஒரு தழும்பே திசை மாற்றிவிடக்கூடும் என்பதால், இது வெறும் தோற்றம் சார்ந்த குறையாகாது. ஆட்டத்தின் நியாயத்தைத் தொடும் குறை.

இந்தக் கிளப்பின் கிரீன்களில் கிரீப்பிங் பென்ட்கிராஸ் வளர்க்கப்பட்டிருந்தது. அந்தப் புல்லுக்கிடையே போவா அனுவா என்ற வேறொரு புல் திட்டுத் திட்டாகப் புகுந்துகொண்டிருந்தது. வெறுமையாகிப் போகும் ஒவ்வொரு தடமும் போவா அனுவாவின் விதைகள் ஊன்ற இடம் கொடுக்கிறது என்பதைத் திடல் மேலாளர் குழுவிடம் பல முறை எடுத்துச் சொல்லியிருந்தார். பல ஆண்டுகளாகத் திடல் பணியாளர்கள் புல் வெட்டுவதற்கு முன்பே கண்ணில் பட்ட தடங்களையெல்லாம் சத்தமில்லாமல் சரிசெய்துவந்தார்கள். உறுப்பினர்களில் பெரும்பாலோருக்கு அப்படியொரு வேலை நடப்பதே தெரியாது.

முறையீடுகளும் முதல் அறிவிப்பும்

பல நாட்கள் தொடர்ந்து பெய்த மழைக்குப் பிறகு கிரீன்கள் மிருதுவாகிவிட, தடங்கள் ஆழமாகவும் எண்ணிக்கையில் கூடுதலாகவும் தென்பட்டன. பணியாளர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. போட்டி ஒன்று முடிந்த மறுநாள் உறுப்பினர்கள் சிலர் எழுத்துமூலமாகவே முறையிட்டார்கள். அவர்களில் எவரும் தாம் தடங்களை விட்டுச் செல்வதாக எழுதவில்லை. எல்லோரும் மற்றவர்களைப் பற்றியே எழுதியிருந்தார்கள். அப்போது பெரிதாகத் தோன்றாத இந்தச் செய்தி பின்னால் முக்கியமானதாக ஆயிற்று.

குழு கூடி, உடைமாற்றும் அறையிலும், ஆட்டத்தின் முதல் அடி அடிக்கப்படும் இடமான முதல் டீயிலும் ஓர் அறிவிப்பு வைக்க முடிவு செய்தது. பெரும்பாலான ஆட்டக்காரர்கள் தடங்களைச் சீர்செய்யாமல் கடந்து போவதாகவும், இது கிளப்பின் பெயருக்கு இழுக்கு என்றும், இனிமேலாவது பொறுப்புடன் நடந்துகொள்ள வேண்டும் என்றும் அது கூறியது. விரைவாகச் செய்யக்கூடியது, செலவற்றது என்பதால் இந்த வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. அடுத்த சில வாரங்களில் அதிகாலைச் சுற்றில் கண்ட தடங்கள் குறையவில்லை. அறிவிப்பு வந்த வார இறுதியில் மட்டும் சற்றுக் குறைந்ததுபோல் தெரிந்தது. அதன்பின் பழைய நிலையே திரும்பியது.

இதற்கு ஒரு விளக்கம் சமூக உளவியலில் இருக்கிறது. அரிசோனாவில் உள்ள பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட் தேசியப் பூங்காவில், கல்லாகிப்போன மரத்துண்டுகளைப் பார்வையாளர்கள் எடுத்துச் செல்வதைத் தடுக்க எத்தகைய வாசகம் உதவும் என்று ராபர்ட் சியால்டினியும் அவருடைய சக ஆய்வாளர்களும் சோதித்தார்கள். முன்பு வந்த பலர் துண்டுகளை எடுத்துச் சென்றுவிட்டார்கள் என்று வருந்திய பலகை வைக்கப்பட்டபோது, அடையாளமிடப்பட்ட துண்டுகளில் ஏறக்குறைய 8 விழுக்காடு திருடுபோனது. எடுக்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்ட பலகை வைக்கப்பட்டபோது அது 2 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தது. எல்லோரும் செய்யும் தவறு இது என்று சொல்லும் அறிவிப்பு, கண்டிப்பதாக நினைத்துக்கொண்டே அந்தத் தவறை இயல்பானதாக ஆக்கிவிடுகிறது. எங்கள் கிளப்பின் அறிவிப்பும் அதே வாசகத்தைத்தான் வேறு சொற்களில் சொன்னது. குழுவில் இருந்த ஓர் உறுப்பினர் இந்த ஆய்வைச் சுட்டிக்காட்டிய பிறகு அறிவிப்பு அகற்றப்பட்டது.

உற்றுப் பார்த்தபோது தெரிந்தவை

அடுத்த முடிவு எதுவும் எடுப்பதற்கு முன், எந்தத் தடங்கள் எங்கே, எந்த நிலையில் இருக்கின்றன என்பதைப் பார்த்துவிட வேண்டும் என்று திடல் மேலாளர் வலியுறுத்தினார். இந்த முயற்சியில் எடுக்கப்பட்ட மிக நல்ல முடிவு இதுவே என்று கருதுகிறேன். பணியாளர்கள் சில கிரீன்களில் தடங்களைச் சரிசெய்யும் முன் அவற்றைப் பதிவு செய்தார்கள். தொடாமல் விடப்பட்டவை, முறையாகச் சீர்செய்யப்பட்டவை, தவறாகச் சீர்செய்யப்பட்டவை என்று மூன்றாகப் பிரித்தார்கள்.

தொடாமல் விடப்பட்டவை எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவும், தவறாகச் சீர்செய்யப்பட்டவை எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவும் இருந்தன. ஃபோர்க் எனப்படும் இருமுனைக் கருவியைக் குழிவின் நடுவே செலுத்தி, அடிமண்ணை நெம்பி மேலே தூக்குவதே பலருடைய பழக்கமாக இருந்தது. பள்ளமாக இருப்பதைத் தூக்கிச் சமப்படுத்த வேண்டும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் அப்படி நெம்பும்போது பிழைத்திருக்கும் வேர்களும் அறுந்துபோகின்றன. அடிமண் மேலே வந்து புல் இல்லாத புள்ளி உண்டாகிறது. மேடான இடத்தை மறுநாள் இயந்திரம் சீவிவிடுகிறது. கடைசியில் அந்தத் தடம் தொடாமல் விட்டதைப் போலவோ அதைவிட மெதுவாகவோதான் ஆறுகிறது. முறையீடு எழுதியவர்கள் தம்மைக் குறித்து எழுதாததன் காரணமும் இப்போது புரிந்தது. அவர்களில் பலர் உண்மையிலேயே ஒவ்வொரு முறையும் குனிந்து சீர்செய்பவர்கள். தாங்கள் செய்வது புல்லைக் கொல்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

தொடாமல் விடப்பட்டவற்றிலும் ஓர் ஒழுங்கு காணப்பட்டது. அவை பெரும்பாலும் மூன்று அடிகளில் முடிக்க வேண்டிய குட்டையான பார்-3 குழிகளிலும், குட்டையான இரும்பு மட்டையால் கிரீனை எட்டும் குழிகளிலும் குவிந்திருந்தன. பார்-3 குழியில் அனைவருமே டீயிலிருந்து நேராகக் கிரீனை நோக்கி அடிக்கிறார்கள் என்பதால் கிரீனின் முற்பகுதி அடி மேல் அடி வாங்குகிறது. நீண்ட குழிகளில் பந்து தாழ்வாக வந்து உருண்டேறுவதால் தடம் ஆழமாக விழுவதில்லை. மேலும், பந்து தடத்தின் அருகிலேயே நிற்பதில்லை. அது முன்னோக்கித் துள்ளிச் சென்றிருக்கும், அல்லது சுழற்சியால் பின்வாங்கியிருக்கும். ஆட்டக்காரர் பந்தை நோக்கியே நடக்கிறார். தடம் அவர் பார்வைக்கு அப்பால் இருந்துவிடுகிறது. கிரீனின் ஓரத்தில் ஏறி, தொலைவில் உள்ள வண்டியை நோக்கி இறங்குபவர்கள் தாம் உண்டாக்கிய தடத்தைக் கடக்காமலேயே போய்விடும் கிரீன்கள் இரண்டு இருந்தன.

மட்டைப் பையைச் சுமந்து ஆட்டக்காரருக்கு உதவும் கேடிகளுடன் ஆடுபவர்களிடையே வேறொரு நிலைமை. ஆட்டக்காரர் கேடி செய்துவிடுவார் என்று நினைத்தார். கேடியோ கொடியைப் பிடிப்பது, பந்தைத் துடைப்பது, மட்டையை எடுத்துக் கொடுப்பது என்ற வேலைகளில் இருந்தார். தடத்தைச் சரிசெய்வது தம் பொறுப்பு என்று எவரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

தண்டனை வேண்டாம் என்ற முடிவு

இந்தக் கட்டத்தில் குழுவில் ஒரு பகுதியினர் நடத்தை விதிகளைக் கொண்டுவர வேண்டும் என்றார்கள். 2019-இல் நடைமுறைக்கு வந்த கோல்ஃப் விதிகளின்படி, ஆட்டத்தை நடத்தும் குழு தனக்கென நடத்தை விதித்தொகுப்பு ஒன்றை ஏற்று, அதை மீறுபவர்களுக்குத் தண்டனை அளிக்கலாம். திடலைப் பேணுவது ஆட்டக்காரரின் கடமை என்பதும் அந்த விதிகளிலேயே உள்ளது. ஆகவே இந்த யோசனைக்கு அடிப்படை இல்லாமல் இல்லை.

நீண்ட விவாதத்துக்குப் பின் அது கைவிடப்பட்டது. ஒரு தடத்தை யார் உண்டாக்கினார் என்பதை அடுத்த குழுவினர் கிரீனுக்கு வந்த பிறகு நிறுவ முடியாது. நிறுவ முயன்றால் உறுப்பினர்கள் ஒருவரையொருவர் வேவு பார்க்க வேண்டியிருக்கும். அதைவிட முக்கியமான காரணம், தடங்களில் பெரும்பகுதி அறியாமையால் கெட்டவை என்பது பதிவேட்டிலிருந்து தெரிந்துவிட்டது. தண்டனைக்கு அஞ்சி இன்னும் பலர் இன்னும் ஊக்கமாக நெம்பத் தொடங்கினால் கிரீனுக்குத்தான் கேடு. இந்த வாதத்தை முன்வைத்தவர் திடல் மேலாளர். எதிர்த்தரப்பினரும் இதை ஏற்றுக்கொண்டார்கள்.

மூன்று தடங்களும் பயிற்சியும்

கண்ணால் காணாததைச் சொல்லிப் புரியவைப்பது கடினம் என்பதால், பயிற்சிக் கிரீனின் ஓரத்தில், அனைவரும் கடந்து செல்லும் இடத்தில், ஒரே நாளில் ஒரே ஆழத்தில் மூன்று தடங்கள் உண்டாக்கப்பட்டன. ஒன்று தொடாமல் விடப்பட்டது. மற்றொன்று நடுவே நெம்பித் தூக்கப்பட்டது. மூன்றாவது முறைப்படி சீர்செய்யப்பட்டது. ஒவ்வொன்றின் அருகிலும் வண்ணப் புள்ளி இடப்பட்டு, என்ன செய்யப்பட்டது என்று மட்டும் ஒரு சிறு பலகையில் எழுதப்பட்டது. அறிவுரை ஒரு வரிகூட இல்லை. வழக்கம்போல அவற்றின் மீதும் தினமும் புல் வெட்டப்பட்டது.

சில நாட்களில் மூன்றாவது தடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நெம்பப்பட்டது பழுப்பு நிறத்தில் மண் தெரியக் கிடந்தது. வாரங்கள் செல்லச் செல்ல அந்த வேறுபாடு கூடியதே தவிரக் குறையவில்லை. பல ஆண்டுகள் ஆடிப் பழகிய மூத்த உறுப்பினர் ஒருவர் அங்கே குனிந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, தாம் இதுநாள்வரை செய்துவந்தது இரண்டாவது முறை என்று பக்கத்தில் நின்றவர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். அவருடைய மதிப்பு காரணமாக அந்தச் சொல் எந்த அறிவிப்பையும்விட வேகமாகப் பரவியது.

அதே இடத்தில், வார இறுதிக் காலைகளில், கிளப்பின் பயிற்சியாளரும் திடல் பணியாளர் ஒருவரும் சேர்ந்து முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். குழிவுக்குள் குத்தாமல், அதன் விளிம்புக்குச் சற்று வெளியே, நல்ல புல் இருக்கும் இடத்தில் ஃபோர்க்கைச் செலுத்த வேண்டும். பிறகு கைப்பிடியைக் குழிவின் மையத்தை நோக்கிச் சாய்த்து, சுற்றியுள்ள புல்லை உள்நோக்கித் தள்ள வேண்டும். மேடாகத் தள்ளப்பட்டுள்ள பக்கத்தில் தொடங்கிச் சுற்றிலும் இதைச் செய்துவிட்டு, கிரீனில் பந்தை உருட்டப் பயன்படும் பட்டர் மட்டையின் அடிப்பாகத்தாலோ காலணியாலோ மெதுவாகத் தட்டிச் சமப்படுத்த வேண்டும். எந்த நிலையிலும் அடிமண்ணைத் தூக்கக் கூடாது. ஃபோர்க் இல்லையென்றால், பந்தைத் தாங்கி நிறுத்தும் டீ குச்சியே போதும். கைபழகியவருக்கு இது சில நொடி வேலை. ஒருவர் பந்தைக் குழியை நோக்கி உருட்டும்போது மற்றவர்கள் தம் முறைக்காகக் காத்திருக்கும் நேரமே இதற்குத் தாராளமாகப் போதும் என்பதைக் காட்டியதில், ஆட்டம் தாமதமாகும் என்ற தயக்கமும் தணிந்தது.

பயிற்சியில் சேர்த்துச் சொல்லப்பட்ட மற்றொன்று, கிரீனை எப்படி அணுகுவது என்பது. பந்து விழுவதைக் கண்ட இடத்தை மனத்தில் வைத்து, அந்தப் பக்கமாகவே கிரீனில் ஏற வேண்டும். தம் தடத்துடன் கண்ணில் படும் வேறொன்றையும் சேர்த்துச் சீர்செய்ய வேண்டும். தம் தடத்தைக் கண்டுபிடிக்க முடியாதவர்களுக்கு இந்த இரண்டாவது வேண்டுகோள் மிகவும் ஏற்றதாக அமைந்தது. தடம் தம்முடையதா பிறருடையதா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லாமல் போயிற்று.

கேடிகளுக்குத் தனியாகப் பயிற்சி அளிக்கப்பட்டு, ஒவ்வொருவருக்கும் ஃபோர்க் வழங்கப்பட்டது. ஆட்டக்காரரின் அனுமதியைக் கேட்காமலே கிரீனின் சேதத்தைக் கேடி சீர்செய்ய விதி இடம் கொடுக்கிறது என்பது அவர்களுக்குத் தெளிவாக்கப்பட்டது.

விதி குறித்த ஐயம்

பயிற்சியின்போது எதிர்பாராத ஒரு தடையும் வெளிப்பட்டது. பந்து குழியை நோக்கி உருளவிருக்கும் கோட்டில் உள்ள எதையும் தொட்டால் தண்டனை உண்டு என்று மூத்த ஆட்டக்காரர்கள் பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். 2019-க்கு முன்பு காலணி ஆணிகளால் உண்டான சேதத்தை அந்தக் கோட்டில் சரிசெய்ய முடியாது. பந்துத் தடங்களுக்கும் பழைய குழியடைப்புகளுக்கும் மட்டுமே அனுமதி இருந்தது. அந்தக் காலத்து எச்சரிக்கை மனத்தில் ஊறிப்போய், அனுமதிக்கப்பட்டதையும் சேர்த்துத் தவிர்க்கும் அளவுக்கு விரிந்திருந்தது.

இப்போதைய விதி 13.1சி, கிரீனில் ஏற்பட்ட ஏறத்தாழ எல்லாச் சேதத்தையும் தண்டனையின்றிச் சீர்செய்ய அனுமதிக்கிறது. பந்துத் தடம், காலணித் தேய்ப்பு, கருவிகளாலும் விலங்குகளாலும் உண்டான சேதம் ஆகியவை இதில் அடங்கும். காற்றோட்டத்துக்காக இடப்பட்ட துளைகள், புல்லின் இயற்கையான மேடுபள்ளங்கள், குழியின் இயல்பான தேய்மானம் ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை. ஆட்டத்தை நியாயமின்றித் தாமதப்படுத்தவும் கூடாது. கிரீனுக்கு வெளியே உள்ள விளிம்புப் புல்லுக்கு இந்தச் சலுகை பொருந்தாது என்பதையும் பயிற்சியாளர் தவறாமல் சொன்னார்; அடுத்த அடிக்குச் சாதகமாகும்படி அங்கே ஒரு பழைய தடத்தைச் சமப்படுத்தினால் தண்டனை உண்டு.

கிளப் தன் பங்குக்குச் செய்தவை

ஆட்டக்காரர்களைக் கேட்டுக்கொள்ளும் கிளப், கிரீன்கள் ஏன் இவ்வளவு எளிதில் குழிகின்றன என்பதையும் பார்த்தாக வேண்டும் என்று திடல் மேலாளர் சொன்னதைக் குழு ஏற்றுக்கொண்டது. மேற்பரப்பில் மட்கிய வேரும் தண்டும் தடித்த அடுக்காகச் சேர்ந்து, நீரைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தன. துளையிடுவதும் மெல்லிய மணல் பரப்புவதும் முறைப்படுத்தப்பட்டன. நீர்ப்பாய்ச்சல் வழக்கமான நேரக் கணக்கிலிருந்து ஈரமானியின் அளவீட்டுக்கு மாற்றப்பட்டது. குழியின் இடத்தை மாற்றும்போது, பார்-3 கிரீன்களின் முற்பகுதிக்கு ஓய்வு கிடைக்கும்படியும் பார்த்துக்கொள்ளப்பட்டது. இவற்றின் பயன் உடனடியாகத் தெரியவில்லை. ஆனால் அடுத்த மழைக்குப் பிறகு தடங்கள் முன்னளவுக்கு ஆழமாக விழவில்லை.

விளைவுகள்

தவறாகச் சீர்செய்யப்பட்ட தடங்கள்தாம் முதலில் குறைந்தன. மூன்று தடங்களின் காட்சி தொடங்கிய சில வாரங்களிலேயே அந்த மாற்றம் பதிவேட்டில் தெரிந்தது. தொடாமல் விடப்பட்டவை மெதுவாகவே குறைந்தன. பயிற்சிக் கிரீனுக்கு அருகில் உள்ள குழிகளில் மாற்றம் கூடுதலாகவும், ஆட்டத்தின் கடைசிக் குழிகளில் குறைவாகவும் இருந்தது. களைப்பு அதற்குக் காரணமாக இருக்கலாம். விருந்தினர்களும் வெளியாட்களும் திரளும் பெரிய போட்டி நாட்களுக்கு அடுத்த காலைகளில் எண்ணிக்கை மீண்டும் ஏறியது.

உறுப்பினர்களிடையே ஏற்பட்ட ஒரு மாற்றத்தை எண்ணிக்கையால் காட்ட முடியாது. ஒரு குழுவில் ஒருவர் கிரீனுக்கு வந்ததும் ஃபோர்க்கை வெளியே எடுத்தால் மற்றவர்களும் எடுப்பது வழக்கமாயிற்று. இளையவர்களுக்கு மூத்தவர்களும், சில வேளைகளில் மூத்தவர்களுக்கு இளையவர்களும் கோணத்தைத் திருத்திக் காட்டினார்கள். இதைப் பார்த்தபோது எனக்குக் கிடைத்த நிறைவு அளவிட முடியாதது. கிரீனைப் பேணுவது பணியாளருடைய வேலை மட்டுமே என்ற எண்ணம் அங்கே தளர்ந்திருந்தது.

பணியாளர்கள் அதிகாலையில் தடங்களைச் சரிசெய்வதை நிறுத்தவில்லை. நிறுத்திப் பார்க்கலாம் என்று எழுந்த யோசனையை, கிரீனின் நலத்தைப் பாடம் புகட்டும் கருவியாக்கக் கூடாது என்ற காரணத்தால் குழு ஏற்கவில்லை. அந்த வேலைக்கு ஆகும் நேரம் குறைந்து, மிச்சமான நேரம் பங்கர் எனப்படும் மணல்குழிகளின் ஓரங்களைச் சீராக்கப் பயன்பட்டது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

மீண்டும் தொடங்கினால், அறிவிப்புக்கு முன்பே பதிவேடு தொடங்கப்பட வேண்டும். தவறாகச் சீர்செய்யப்பட்டவற்றை முதல் நாளிலிருந்தே தனியாகக் குறிக்க வேண்டும். அந்த வகைப்பிரிப்பு இல்லாதவரை சிக்கல் சோம்பல் என்றே தோன்றும்.

கேடிகளின் பயிற்சி உறுப்பினர்களின் பயிற்சிக்கு முன்னால் நடக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் பல கிரீன்களைக் கடப்பவர்கள் அவர்கள். அவர்கள் கை பழகிவிட்டால் உடன் ஆடுபவர்கள் பார்த்தே கற்றுக்கொள்கிறார்கள்.

கிரீனை உறுதிப்படுத்தும் வேலைகள் வளர்ச்சிக் காலத்தின் தொடக்கத்திலேயே திட்டமிடப்பட வேண்டும். இந்தக் கிளப்பில் அவை ஆண்டின் பிற்பகுதியில் நடந்ததால், துளைகள் மூடிக்கொள்ளாமல் சில வாரங்கள் ஆட்டத்துக்கு இடையூறாயின. அந்தத் துளைகளைச் சீர்செய்ய விதி அனுமதிப்பதில்லை என்பது வேறு புதிய குழப்பத்தைக் கிளப்பியது.

விருந்தினர்கள் பற்றிய பகுதி இன்னும் தீராமல் இருக்கிறது. போட்டி நாட்களில் முதல் டீயில் தொடக்க அலுவலர் ஸ்கோர் கார்டுடன் ஒரு ஃபோர்க்கையும் கொடுத்து, விளிம்பிலிருந்து உள்நோக்கித் தள்ளும் முறையைச் செய்துகாட்டுவது என்று குழு தீர்மானித்துள்ளது. அடுத்த பெரிய போட்டிக்குப் பிந்தைய காலையின் பதிவேட்டைப் பார்த்த பிறகே இதைத் தொடர்வதா மாற்றுவதா என்பது முடிவாகும்.